வாசகர் கேள்விகள்: அம்மாவின் ஜெபம் யார் காதில் விழுகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தடிமனாக இருந்தது. எல்லாமே அம்மாக்கள் விஷயம். அம்மாக்கள் எழுதியவை, மற்றவர்கள் அம்மாக்களைப் பற்றி எழுதியவை, அம்மா ஆகாதவர்கள் எழுதியவை. பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? 38 வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். போதகரின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். அந்த மூவரில் ஒருவன் இன்றைக்கும் சபைக்கு வருவதில்லை. அதையும் தகுதியில்தான் சேர்க்கிறேன்.

அம்மா, என் மகனுக்கு 22 வயது. சின்ன வயதில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசெல்லாம் வாங்கியவன். இரண்டு வருடமாக ஆராதனைக்கு வருவதில்லை. "எனக்கு நம்பிக்கை இல்லை, விட்டுவிடுங்கள்" என்கிறான். தினமும் இரவு அவன் அறை வாசலில் முழங்கால் போட்டுச் சத்தமாக ஜெபிக்கிறேன். சபையில் ஒரு அக்கா, "தாயின் ஜெபம் சரியாக இருந்தால் பிள்ளை வழிதவறாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நான் எங்கே தவறினேன்? — ஒரு வாசகி

முதலில் அந்த அக்காவின் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளை ஜெபத்தில் மிஞ்சிய தாய் யார்? அவள் மகன் சாமுவேல் தீர்க்கதரிசியாக வளர்ந்தார், சரி. ஆனால் சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக உட்கார்ந்து லஞ்சம் வாங்கினார்கள். அன்னாளின் சொந்தப் பேரன்கள். நாம் அன்னையர் ஞாயிறுதோறும் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை வாசிக்கிறோம், எட்டாம் அதிகாரத்துக்குப் போவதே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். சாமுவேலை வளர்த்தது யார்? ஆலயத்து ஆசாரியர் ஏலி. சொந்த மகன்கள் இருவரையும் அடக்கத் தெரியாத மனிதர். அவர் கையில் வளர்ந்த அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாக வந்தது. அக்காவின் கணக்கு இதில் எங்கே பொருந்துகிறது?

பிள்ளை நன்றாக இருந்தால் "கர்த்தருடைய கிருபை" என்கிறோம். கொஞ்சம் பிசகினால் "தாயின் ஜெபம் போதவில்லை" என்கிறோம். லாபம் ஒருவர் பேரில், நஷ்டம் ஒருவர் பேரில். இதை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. அந்த அறை வாசல்.

என் அம்மா தையல் வேலை செய்து எங்களை வளர்த்தவர். இரவில் குடும்ப ஜெபம் அவர்தான் நடத்துவார். அதில் ஒரு பழக்கம் உண்டு. "ஆண்டவரே, இவள் இன்றைக்குப் பொய் சொன்னாள், உமக்கே தெரியும். ஆண்டவரே, சின்னவன் கணக்கு நோட்டை ஒளித்து வைத்திருக்கிறான்" என்று எங்களை வரிசையாகப் போட்டுக்கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் எங்களால் எதிர்த்துப் பேசவும் முடியாது. ஆமென் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வந்ததும் நானும் அதையே செய்தேன். என் பெரியவனுக்கு 14 வயது இருக்கும்போது, ஒரு நாள் நான் ஆமென் சொன்னதும் எழுந்து நின்று சொன்னான்: "அம்மா, நீங்க கடவுள்கிட்ட பேசல. என்கிட்டதான் பேசுறீங்க. நேராவே திட்டுங்க."

அவன் அப்பா கையை ஓங்கினார். நான் தடுத்தேன். அவன் சொன்னது உண்மை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அன்னாளின் ஜெபத்தைப் புதிதாகப் படித்தேன். உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏலிக்கே கேட்காததால்தான் அவள் குடித்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவளை வருடக்கணக்காக நோகடித்த சக்களத்தி பெனின்னாளின் காதில் விழட்டும் என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மோனிக்காவின் கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அவள் மகன் அகுஸ்தீன், இளமையில் மானிக்கேயர் என்ற வேறு மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஆரம்பத்தில் அவனோடு ஒரே மேசையில் உட்காரவே அவள் மறுத்திருக்கிறாள், பிறகுதான் இறங்கி வந்தாள். ஒரு பிஷப்பிடம் போய், "நீங்கள் என் மகனோடு பேசுங்கள், அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். "அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை. அவனை விட்டுவிடு. அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபம் மட்டும் செய்" என்றார். அந்த பிஷப்பே சிறு வயதில் அதே கூட்டத்தில் இருந்தவர். அவரை அங்கே சேர்த்ததும் ஒரு அம்மாதான், அவருடைய சொந்த அம்மா. மோனிக்கா விடாமல் அழவே, அவர் சற்றுச் சலிப்போடுதான் அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னார்: இத்தனை கண்ணீரின் மகன் கெட்டுப்போக முடியாது. நாம் கண்ணீரைப் பிடித்துக்கொண்டோம், அதற்கு முன் அவர் சொன்ன "அவனை விட்டுவிடு" என்பதை விட்டுவிட்டோம். அகுஸ்தீன் மிலானில் ஞானஸ்நானம் பெற்றது 387-ல். அதே வருடம் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா தன் 56-வது வயதில் இறந்தாள். நடுவில் கழிந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு ராத்திரி, தாயிடம் பொய் சொல்லிவிட்டு அவன் கப்பலேறி ரோமாபுரிக்குப் போனதும் உண்டு.

அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஜெபத்தை நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள். அவன் வாசல் உங்கள் வாசலாக இல்லாமல் அவனுடையதாகவே இருக்கட்டும். காலையில் அவனைப் பார்க்கும்போது சபை அல்லாத வேறு ஏதாவது பேசுங்கள். அவனுக்கு உங்களிடம் பேச ஆயிரம் விஷயம் இருக்கும்.

என் மகன் திரும்பினானா என்று கேட்பீர்கள். இல்லை. அவனுக்கு இப்போது 45 வயது. போன வருடம் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு மூன்று பிள்ளைகளும் எனக்காக ஆளுக்கொரு வேதாகமம் கொண்டு வந்தார்கள். மூக்குக் கண்ணாடியையும் சேர்த்துக் கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான். இதை நான் எதற்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஜெபம், வேத வாசிப்பு, பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகளின் ஆவிக்குரிய வளர்ப்பு தாயின் ஊழியம்தானே? — ஒரு தகப்பன்

தம்பி, எபேசியர் 6:4-ஐ எடுத்துப் பாருங்கள். "பிதாக்களே" என்றுதான் ஆரம்பிக்கிறது.

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் விசுவாசத்தைக் கொடுத்தார்கள் என்று பவுல் எழுதுகிறார். அப்பாவைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் "கிரேக்கன்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் தாய் தனியாகச் சுமந்ததற்குக் காரணம் இருந்தது. உங்கள் வீட்டில் காரணம் சோம்பல் என்று நினைக்கிறேன், மன்னியுங்கள்.

அன்னாளின் கணவர் எல்க்கானாவைப் பாருங்கள். மனைவி செய்த பொருத்தனை பிடிக்காவிட்டால், அதைக் கேள்விப்படுகிற நாளிலேயே கணவன் தள்ளிவிடலாம் என்று எண்ணாகமம் 30-ல் சட்டம் இருந்தது. அன்னாள் பெற்ற பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்தபோது அவர் அதைத் தள்ளவில்லை. வருடாவருடம் அவளோடு ஆலயம் இருந்த சீலோவுக்கு நடந்தார். அங்கே வளர்ந்த சாமுவேலுக்கு வருடந்தோறும் தைத்த சின்னச் சட்டையை அவள் கொண்டுபோனபோது கூடப் போனவர் அவர். இன்றைக்கு இரவு வேதாகமத்தை நீங்கள் எடுத்து வாசியுங்கள். தப்புத் தப்பாக வாசித்தாலும் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு நான்கு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிறேன். குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. — ஒரு இளம் தாய்

தூங்குங்கள்.

அந்த வயதில் பிள்ளைகள் வைத்துக்கொண்டு அதிகாலை ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்களின் பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாள் விசாரிக்க வேண்டும். என் கணவரும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது நான்.

என் அம்மா பகலில் எங்கே ஜெபித்தார் என்று பல வருடம் எனக்குத் தெரியாது. தையல் மிஷின் சத்தம் வீடு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நிற்கும். நூல் அறுந்துவிட்டது என்று நினைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கால் மிதியில் இருந்தபடியே, கை துணியின் மேல் இருந்தபடியே, கண் மூடியிருந்தது. அரை நிமிடம் இருக்கும். குடும்ப ஜெபத்தில் எங்களைப் போட்டுக்கொடுத்த அதே அம்மாதான். அந்த நீள ஜெபங்களில் ஒரு வரிகூட எனக்குள் தங்கவில்லை. மிஷின் நின்ற அந்த அமைதி இன்றைக்கும் இருக்கிறது. அது என் காதுக்காகச் செய்யப்பட்டதல்ல.

அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சங்கீதத்தை எங்களை வாசிக்கச் சொல்வார். அவர் விரல் வரிக்குக் கீழே எங்களோடு நகரும். யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லியின் முறை உதவலாம். 19 பிள்ளைகள் பெற்றவர், வளர்ந்தது 10 பேர். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை என்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசுவார். செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. ஜான் வெஸ்லி வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில்கூட, அந்த வியாழக்கிழமை மாலைப் பொழுதில் கொஞ்சத்தை எனக்குத் தொடர்ந்து கொடுங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார். மேலே எழுதிய வாசகிக்கும் இது ஆகும்: செவ்வாய்க்கிழமைக்காரி ஹெட்டியின் வாழ்க்கை துயரத்தில்தான் முடிந்தது. அதே அம்மா, அதே வீடு, அதே முறை.

மோசே தன் தாயிடம் இருந்தது பால் மறக்கும் வரைக்கும்தான். அப்புறம் பார்வோன் மகளின் வீட்டுக்குப் போய்விட்டான். யோகெபேத் அந்த நாட்களில் அதிகாலை எழுந்தாளா என்று வேதம் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்று சொல்கிறது.

பெண்கள் கூட்டத்தில் நான் வேதபாடம் நடத்துகிறேன். சில வாரங்களாக ஆண்கள் சிலரும் பின்வரிசையில் வந்து உட்காருகிறார்கள். "தாய் வீட்டில் போதிக்கலாம், இது வீடு அல்ல" என்று மூப்பர் ஒருவர் ஆட்சேபிக்கிறார். என்ன செய்வது? — ஒரு வாசகி

சபை ஒழுங்கு சபைக்குச் சபை மாறும். உங்கள் போதகரிடம் கேட்டுச் செய்யுங்கள். அதை நான் இங்கிருந்து தீர்க்க முடியாது. ஆனால் வீடு எங்கே முடிகிறது, சபை எங்கே தொடங்குகிறது என்கிற குழப்பம் மிகப் பழையது.

சூசன்னாவையே திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவருடைய கணவர் சாமுவேல் வெஸ்லி எப்வர்த் என்ற ஊரில் குருவானவர். 1711-12 குளிர்காலத்தில் சபைக் காரியமாக லண்டனில் நீண்ட நாள் தங்கிவிட்டார். ஞாயிறு மாலை சூசன்னா பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்காரவைத்து ஜெபம் நடத்தினார், ஒரு பிரசங்கத்தை வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொன்னான். அவர்கள் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கம். ஒரு கட்டத்தில் 200 பேருக்கு மேல். கோயிலில் உதவிக் குருவின் பிரசங்கத்துக்கு வந்ததைவிட அதிகம். அந்த உதவிக் குரு சும்மா இருப்பாரா? லண்டனுக்குக் கடிதம் போட்டார். கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். சூசன்னா திருப்பி எழுதிய பதிலின் சாரம் இது: நிறுத்துவது உங்களுக்கு விருப்பம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது என் மனசாட்சிக்குப் போதாது. தெளிவான கட்டளையாக அனுப்புங்கள். நாளைக்கு நீங்களும் நானும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்கும்போது, நன்மை செய்கிற இந்த வாய்ப்பைத் தவறவிட்ட குற்றம் என்மேல் வராதபடி இருக்கட்டும்.

கட்டளை வரவில்லை. கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன்தான் ஜான். பல வருடம் கழித்து, குருப்பட்டம் பெறாத ஒருவர் தன் சங்கத்தில் பிரசங்கிக்கிறார் என்று கேட்டு அவர் கோபமாக ஓடிவந்தபோது, "உன்னைப் போலவே அவனும் அழைக்கப்பட்டவன், முதலில் அவன் பேசுவதைக் கேள்" என்று நிறுத்தியதும் அந்த அம்மாவே.

சூசன்னா கணவரை எதிர்த்துக் கலகம் செய்யவில்லை, ஒளித்தும் நடத்தவில்லை. முழுவதையும் எழுதிச் சொன்னார். நீங்களும் மூப்பரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்காருகிறவர்களை எழுப்பி அனுப்புவது உங்கள் வேலை அல்ல. வேண்டுமானால் மூப்பர் வந்து எழுப்பட்டும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அன்னையர் தின ஆராதனையில் "அம்மாக்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லிப் பூ கொடுக்கிறார்கள். நான் உட்கார்ந்தே இருக்கிறேன். இந்த வருடம் போகாமல் இருந்துவிடலாமா? — ஒரு வாசகி

போகாமல் இருப்பது பாவம் அல்ல. உடம்பு சரியில்லை என்று யாரிடமும் பொய் சொல்லவும் வேண்டாம்.

அந்தத் தினத்தைத் தொடங்கி வைத்த அன்னா ஜார்விஸுக்கும் பிள்ளைகள் இல்லை, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1908 மே 10 அன்று அமெரிக்காவில் கிராஃப்டன் என்ற ஊரின் மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பினார். அங்கே பல வருடம் ஞாயிறு பள்ளி நடத்திய தன் அம்மாவின் நினைவாக. 1914-ல் அது அரசு விழாவானது. பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதை வியாபாரமாக்கியதைப் பார்த்து, பிற்காலத்தில் அந்தத் தினத்தையே எதிர்த்துப் போராடினார். அவர் உங்கள் சபைக்கு வந்திருந்தால் அவரும் உட்கார்ந்தேதான் இருந்திருப்பார்.

ரோமர் 16-ல் பவுல் ரூப்புவின் தாயை வாழ்த்தும்போது "எனக்கும் தாய்" என்கிறார். பெயர்கூட எழுதவில்லை. அந்த அம்மாள் பவுலுக்கு என்ன செய்தார் என்றும் சொல்லவில்லை. இஸ்ரவேலை நியாயம் விசாரித்த தெபொராள் தன்னை "இஸ்ரவேலிலே தாய்" என்று பாடினாள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டு என்று ஓரிடத்திலும் இல்லை.

இதையெல்லாம் ஆறுதலுக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். குழந்தை இல்லாத வலிக்கு ரூப்புவின் தாய் மருந்தாக மாட்டாள், எனக்குத் தெரியும். சபைக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேதாகமத்தின் 66 புத்தகங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்த ஞாயிறு பள்ளி டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் முதன்முதலில் பாடம் எடுத்த அன்று பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நோவாவின் மகன்களில் ஒருத்தனை விட்டுட்டே" என்று மட்டும் சொன்னார். அவருடைய அடக்க ஆராதனையில் "வாரிசு இல்லை" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்தக் கோயிலில் வசனம் சொல்லத் தெரிந்த பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

போதகர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருடம் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். பூ கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வாசலில் வைத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்.

என் மருமகள் வேறு பின்னணியிலிருந்து வந்தவள், சபையில் ஆர்வம் இல்லை. மகனும் கண்டுகொள்வதில்லை. பேத்திக்கு ஆறு வயது. லோவிசாளைப் போல நான் அவளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கலாமா? அவர்களுக்குத் தெரியாமல் செய்தால் தப்பா? — ஒரு பாட்டி

தெரியாமல் செய்யாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொல்லிக்கொடுத்தால் அவள் கற்பது அதைத்தான்.

மருமகளிடம் நேரடியாகக் கேளுங்கள். மகன் வழியாகக் கேட்க வேண்டாம். "கதை சொல்லட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அந்த அரை மணி நேரம் அவளுக்கும் ஓய்வுதானே. வேண்டாம் என்றால் வேண்டாம். தாய் அவள்.

அப்போதும் பேத்தி உங்கள் வீட்டுக்கு வருவாள். நீங்கள் வேதம் வாசிக்கும் நேரத்தில் வந்தால் புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் காதில் விழ வேண்டும் என்று வழக்கத்தைவிடச் சத்தமாக வாசிக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகன் கண்டுபிடித்தானே.